கவுனி அரிசியின் மரபணுவுக்கு ஜிஓ சொல் தேர்வது எப்படி: ஜீன் ஆன்டாலஜி வழிகாட்டி

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்ற கேள்விக்கு ஆய்வாளர் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் விடை எழுதி வைத்தால், அந்த விடைகளைத் திரட்டி ஒப்பிட எவராலும் இயலாது. ஈஸ்ட்டை ஆராய்பவர் 'புரத உற்பத்தி' என்று எழுதியதையே பழ ஈயை ஆராய்பவர் 'மொழிபெயர்த்தல்' என்று எழுதக்கூடும். இரண்டும் ஒன்றுதான் என்பது படிப்பவருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1998ஆம் ஆண்டில் பழ ஈ, ஈஸ்ட், சுண்டெலி ஆகிய மூன்று உயிரிகளின் மரபணுத் தரவுத்தளங்களைப் பேணியவர்கள் கூடி, ஜீன் ஆன்டாலஜி, சுருக்கமாக ஜிஓ, என்ற பொதுச் சொற்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அதன் அறிமுகக் கட்டுரை 2000ஆம் ஆண்டில் நேச்சர் ஜெனிடிக்ஸ் ஆய்விதழில் வெளிவந்தது. இன்று சுமார் 40,000 சொற்களைக் கொண்டிருக்கும் அக்களஞ்சியம், நுண்ணுயிரி முதல் நெல், மனிதன் வரை எந்த உயிரியின் மரபணுவையும் ஒரே சொற்களால் விவரிக்க வழி செய்கிறது.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியலும் உயிரித்தொழில்நுட்பமும் தனித்தனித் துறைகளாக இயங்குகின்றன. அங்கும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் பயிலும் முதுகலை மாணவர்களை எண்ணி இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டையும் செட்டிநாட்டுப் பந்தியிலிருந்தே எடுத்துக்கொள்வோம். சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கல்யாண வீடுகளில் பரிமாறப்படும் கவுனி அரிசி கறுப்பாக இருப்பதற்குக் காரணம், அதன் மேலுறையில் சேரும் ஆந்தோசயனின் என்ற நிறமி. கறுப்பு நெல் வகைகளில் அந்த நிறமியைத் தூண்டும் மரபணுவுக்கு காலா4 என்று பெயர். அதன் புரமோட்டர், அதாவது மரபணு எங்கே எப்போது வெளிப்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதியில் நேர்ந்த மாற்றத்தால், அது வழக்கமாக வெளிப்படாத இடத்தில் வெளிப்பட்டு நிறமித் தொகுப்புக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது என்பதை 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று விளக்கியது. இப்போது கேள்வி இதுதான்: காலா4 மரபணுவின் வேலையை ஜீன் ஆன்டாலஜியின் சொற்களில் எழுதச் சொன்னால் எவ்வாறு எழுதுவது?

மூன்று கேள்விகள்

களஞ்சியம் மூன்று பிரிவுகளாக அமைந்துள்ளது. ஒவ்வொரு பிரிவும் ஒரு கேள்விக்கு விடை தருகிறது. மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் மூலக்கூறு அளவில் என்ன செய்கிறது என்பதற்கு விடை சொல்வது மூலக்கூறு செயல்பாடு. அச்செயல் எந்தப் பெரிய வேலைத்திட்டத்தின் பகுதி என்பதைச் சொல்வது உயிரியல் நிகழ்வு. செல்லின் எந்தப் பகுதியில் அது நடக்கிறது என்பதைச் சொல்வது செல் கூறு. இம்மூன்றின் வேர்ச்சொற்களுக்கும் முறையே ஜிஓ:0003674, ஜிஓ:0008150, ஜிஓ:0005575 என்ற அடையாள எண்கள் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வாறு ஏழு இலக்க எண் இருக்கிறது. தேடும்போது ஜி, ஓ என்ற இரு ஆங்கில எழுத்துகளையும் முக்காற்புள்ளியையும் எண்ணையும் இடைவெளியின்றித் தட்டச்சு செய்ய வேண்டும்.

காலா4 உருவாக்கும் புரதம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு பிற மரபணுக்களின் படியெடுத்தலைக் கட்டுப்படுத்தும் காரணி. ஆகவே மூலக்கூறு செயல்பாட்டில் அதற்குரிய சொல் 'டிஎன்ஏவில் பிணையும் படியெடுத்தல் காரணிச் செயல்பாடு', ஜிஓ:0003700. அது வேலை செய்யும் இடம் உட்கரு, ஜிஓ:0005634. பாடநூலில் உட்கரு என்றும் நியூக்ளியஸ் என்றும் இருவிதமாகப் படித்தவர்கள் எதை எழுதினாலும் இந்த எண் உடன் இருக்கும்வரை பொருள் மாறாது. தமிழில் ஆய்வேடு எழுதுபவர்கள் முதன்முறை ஒரு சொல்லைக் குறிக்கும்போதே எண்ணையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

உயிரியல் நிகழ்வுக்கு வரும்போதுதான் மாணவர்கள் பெரும்பாலும் இடறுகிறார்கள். ஆந்தோசயனின் தொகுப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, ஜிஓ:0009718. காலா4 இல்லாவிட்டால் கறுப்பு நிறம் இல்லை என்பதால் அந்தச் சொல்லையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஆந்தோசயனினைப் படிப்படியாக உருவாக்குபவை நொதிகள். டைஹைட்ரோஃபிளேவனால் 4-ரிடக்டேஸ் என்ற நொதி அத்தகையது. அதன் செயல்பாட்டுக்கு ஜிஓ:0045552 என்ற சொல்லும், அது பங்கேற்கும் நிகழ்வுக்கு ஜிஓ:0009718 என்ற சொல்லும் பொருந்தும். காலா4 புரதமோ அந்தத் தொகுப்பில் ஒரு படியையும் தானே செய்வதில்லை; செய்யும் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. எனவே அதற்குரிய சொல் 'ஆந்தோசயனின் தொகுப்பை நேர்முகமாக (மிகுவிக்கும் திசையில்) ஒழுங்குபடுத்துதல்', ஜிஓ:0031542. ஒரு நிகழ்வைச் செய்வதும் அந்நிகழ்வை ஒழுங்குபடுத்துவதும் வெவ்வேறு என்பதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். வெளியாகும் அட்டவணைகளில் நான் காணும் பிழைகளில் மிகுதியானது இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே.

'கறுப்பு நிறம்' என்று ஜீன் ஆன்டாலஜியில் தேடினால் எதுவும் கிடைக்காது. நிறம், உயரம், மகசூல் போன்ற பண்புகளுக்கும், கனியுறை, வேர் போன்ற தாவரப் பகுதிகளுக்கும் வேறு களஞ்சியங்கள் இருக்கின்றன. நோய்களும் இதில் இல்லை. செல்லில் இயல்பாக நடப்பவற்றை விவரிப்பதே இதன் பணி. ஆகவே புற்று உருவாதல் போன்ற இயல்பு பிறழ்ந்த நிகழ்வுகளுக்கு இதில் இடமில்லை. கவுனி அரிசியின் புரமோட்டரில் நேர்ந்த மாற்றத்தையும் ஜிஓ சொல்லால் எழுத முடியாது. மரபணுவின் விளைபொருள் செய்யும் வேலையை மட்டுமே எழுதலாம்.

சொல்லைத் தேடிப் படிப்பது

ஜிஓ சொற்களைத் தேட உதவும் குவிக்ஜிஓ, அமிகோ ஆகிய இரண்டு இணையதளங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எதைத் திறந்தாலும், முதலில் வந்த பெயரைப் பார்த்தவுடன் எண்ணைப் பிரதியெடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே வரையறை ஒன்று இருக்கும். சொல்லின் பொருள் அந்த வரையறையில்தான் இருக்கிறது, பெயரில் இல்லை. பெயர்கள் காலப்போக்கில் திருத்தப்படும்; எண் மாறாது. வரையறையின் அடிப்படைப் பொருளே மாற வேண்டுமானால் பழைய சொல்லை வழக்கொழிந்ததாக அறிவித்துப் புதிய எண்ணைத் தருவார்கள். எனவே பழைய ஆய்வுக்கட்டுரையிலிருந்து ஒரு எண்ணை எடுக்கும்போது, அது இன்னும் வழக்கில் இருக்கிறதா என்று தளத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வழக்கொழிந்ததாக இருந்தால், மாற்றாகக் கொள்ள வேண்டிய சொல்லோ பரிசீலிக்கத்தக்க சொற்களோ பெரும்பாலும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும்.

வரையறையைப் படித்த பின் அச்சொல்லின் மேலும் கீழும் உள்ள சொற்களைப் பார்க்க வேண்டும். களஞ்சியத்தில் ஒவ்வொரு சொல்லும் தன்னைவிடப் பொதுவான சொற்களோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அவ்விணைப்புகளில் முதன்மையானவை மூன்று: 'ஒரு வகை', 'ஒரு பகுதி', 'ஒழுங்குபடுத்துகிறது'. ஆந்தோசயனின் தொகுப்பு என்பது ஃபிளேவனாய்டு தொகுப்பின் ஒரு வகை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு பகுதி. நகரத்தார் குடும்பம் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றில்தான் புள்ளியாக, அதாவது உறுப்புக் குடும்பமாக, பதிவாகும். ஜிஓ சொல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, அது ஒரே வேளையில் பல தாய்ச்சொற்களைச் சேர்ந்திருக்கலாம். ஹெக்சோஸ் தொகுப்பு என்ற சொல் ஹெக்சோஸ் வளர்சிதைமாற்றத்தின் வகையாகவும் இருக்கிறது, ஒற்றைச் சர்க்கரைத் தொகுப்பின் வகையாகவும் இருக்கிறது.

இந்த அமைப்பின் பயன் என்னவென்றால், ஒரு மரபணுவுக்கு நுட்பமான சொல் ஒன்றைக் கொடுத்துவிட்டால், 'ஒரு வகை', 'ஒரு பகுதி' என்ற இணைப்புகளின் வழியே அதற்கு மேலே உள்ள சொற்கள் அனைத்தும் தாமாகவே அந்த மரபணுவுக்குப் பொருந்திவிடும். ரிடக்டேஸ் நொதிக்கு ஆந்தோசயனின் தொகுப்பைக் கொடுத்த பின் ஃபிளேவனாய்டு தொகுப்பையும் தனியாக எழுத வேண்டியதில்லை. இதற்கு மறுபுறமும் உண்டு: மேலே உள்ள ஏதேனும் ஒரு சொல் அந்த மரபணுவுக்குப் பொருந்தாது என்று தெரிந்தால், நாம் தேர்ந்த சொல்லே தவறு என்று பொருள். ஆகவே சொல்லைத் தேர்ந்த பின் அதன் தாய்ச்சொற்களை வேர்வரை ஏறிப் படித்துப் பார்ப்பது சிறந்த சரிபார்ப்பு. 'ஒழுங்குபடுத்துகிறது' என்ற இணைப்பு மட்டும் இவ்வாறு பொருளை மேலே கடத்தாது. ஒழுங்குபடுத்தும் காலா4, தொகுப்பில் பங்கேற்கும் மரபணுக்களின் பட்டியலில் தானாகச் சேராமல் இருப்பது அதனால்தான்.

எவ்வளவு நுட்பமான சொல்லைத் தேர்வது? சோதனை எவ்வளவு தூரம் காட்டியதோ அவ்வளவு தூரம் இறங்கலாம். அதற்குக் கீழே ஒரு படியும் இறங்கக் கூடாது. ஒரு புரதம் மைட்டோகாண்ட்ரியாவில் ஒளிர்வதை நுண்ணோக்கியில் கண்டிருந்தால், மைட்டோகாண்ட்ரியா என்ற ஜிஓ:0005739 சொல்லைத் தாராளமாகக் கொடுக்கலாம். அது உட்சவ்வில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணங்கள் இருக்கலாம்; படம் அதைப் பிரித்துக் காட்டாதவரை உட்சவ்வு என்று எழுத உரிமையில்லை. அதேபோல் உட்சவ்வு என்று தெளிவாகக் காட்டிய பின்னும் வெறுமனே மைட்டோகாண்ட்ரியா என்று எழுதுவது, பிறர் பயன்படுத்தக்கூடிய தகவலை மறைத்து வைப்பதாகும்.

சான்றில்லாமல் சொல்லில்லை

மரபணுவோடு ஒரு சொல்லை இணைப்பதை அனோட்டேஷன் என்கிறோம். அது ஒரு கூற்று. கூற்றுக்குச் சான்று வேண்டும். எந்த ஆதாரம், எந்த வகைச் சான்று என்பதைக் குறிக்காத அனோட்டேஷனை ஜீன் ஆன்டாலஜி ஏற்பதில்லை. சான்றின் வகையைக் காட்டச் சுருக்கக் குறியீடுகள் உள்ளன. நொதியைத் தூய்மைப்படுத்திச் சோதனைக்குழாயில் அதன் செயலை அளந்திருந்தால் ஐடிஏ, அதாவது நேரடிச் சோதனை. மரபணுவைச் செயலிழக்கச் செய்து, அதனால் வந்த மாற்றத்தைக் கண்டிருந்தால் ஐஎம்பி. இரு புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவதைக் காட்டியிருந்தால் ஐபிஐ. அப்போது எந்தப் புரதத்தோடு பிணைந்தது என்பதையும் எழுத வேண்டும். அவ்வாறு எழுதாமல் 'புரதப் பிணைப்பு', ஜிஓ:0005515 என்று மட்டும் சொன்னால் படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது.

வெளிப்பாட்டு அளவை வைத்துக் கொடுக்கும் ஐஈபி என்ற குறியீட்டில் மிகுந்த கவனம் தேவை. சிவகங்கை மாவட்டத்தின் பெரும்பகுதி கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருப்பதால், நீர்ப்பற்றாக்குறையைத் தாங்கும் நெல் வகைகளைப் பற்றி இங்கு ஆராய விரும்பும் மாணவர்கள் இருப்பது இயல்பு. பத்து நாள் நீர் நிறுத்திய பயிரில் ஒரு மரபணுவின் வெளிப்பாடு உயர்ந்ததைக் கண்டவுடன் 'நீரிழப்புக்கு எதிர்வினை', ஜிஓ:0009414 என்று எழுதக் கை துடிக்கும். வெளிப்பாடு உயர்வது அந்த மரபணு எதிர்வினையில் பங்கு வகிக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரமாகாது. வாடும் பயிரில் எத்தனையோ மரபணுக்கள் உடன்விளைவாக ஏறி இறங்கும். ஐஈபி குறியீட்டை உயிரியல் நிகழ்வுப் பிரிவில் மட்டுமே பயன்படுத்தலாம் என்ற விதியும் இந்த எச்சரிக்கையிலிருந்து வந்ததுதான்.

நம் மாணவர்கள் மிகுதியாகச் செய்வது வரிசை ஒப்பீடு. கவுனி நெல்லிலிருந்து பெற்ற ஒரு வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, அதை ஒத்த மரபணுவின் சொற்களைத் தம்முடையதற்கும் கொடுக்கிறார்கள். இதற்கு ஐஎஸ்எஸ் என்ற குறியீடு உண்டு. முறையாகச் செய்தால் இது ஏற்கத்தக்கதே. ஆனால் ஒரு நிபந்தனை: ஒப்பிடப்படும் மரபணுவின் சொல் சோதனையால் நிறுவப்பட்டதாக இருக்க வேண்டும், அதன் அடையாள எண்ணும் குறிக்கப்பட வேண்டும். ஒத்த மரபணுவின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அதன் சொல்லுக்கு எதிரே ஐஇஏ என்று இருப்பதைப் பலமுறை காணலாம். அது கணினி தானாக இணைத்த சொல். தனித்தனியாக எவரும் சரிபார்க்காதது. ஊகத்தின் மேல் ஊகத்தை அடுக்கி அதற்கு ஐஎஸ்எஸ் என்று முத்திரையிட்டால், அடுத்து வருபவர் அதை நம்பி மூன்றாவது உயிரிக்கும் எடுத்துச் செல்வார். ஐஇஏ சொற்கள் பயனற்றவை என்று இதற்குப் பொருளல்ல. பெரும்பாலான உயிரிகளுக்குக் கிடைப்பவை அவை மட்டுமே. அவற்றை அவற்றின் பெயரோடு பயன்படுத்த வேண்டும், அவ்வளவே.

தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லையென்றால் அதையும் பதிவு செய்ய வழி உண்டு. மரபணுவுக்கு அந்தப் பிரிவின் வேர்ச்சொல்லையே கொடுத்து என்டி என்று குறித்தால், ஒருவர் பார்த்தார், தரவு இல்லை என்று பொருள். வெற்றிடமாக விட்டால் எவரும் பார்க்கவில்லை என்று பொருள். ஒரு வேலையை இந்தப் புரதம் செய்வதில்லை என்பதையே சோதனை காட்டியிருந்தால், 'அன்று' (ஆங்கிலத்தில் நாட்) என்ற எதிர்மறை அடையாளத்தோடு அச்சொல்லை எழுத வேண்டும். சாதாரணச் சொல் மேல்நோக்கிப் பொருந்துவது போல, எதிர்மறைச் சொல் கீழ்நோக்கிப் பொருந்தும்: கைனேஸ் (பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி) செயல்பாடு இல்லை என்றால் எந்த வகைக் கைனேஸ் செயல்பாடும் இல்லை.

மரபணுப் பட்டியலை ஆராயும்போது

ஒரே மரபணுவைப் பற்றி எழுதுவதைவிட, சோதனையில் கிடைத்த சில நூறு மரபணுக்களில் எந்தச் சொற்கள் வழக்கத்தைவிட மிகுந்திருக்கின்றன என்று கணக்கிடவே பலர் ஜீன் ஆன்டாலஜியைத் தேடி வருகிறார்கள். பாந்தர் போன்ற கருவிகள் இதைச் சில நொடிகளில் செய்துவிடும் என்பதாலேயே கவனக்குறைவும் மிகுதி. இதில் இரண்டு இடங்களில் நிதானிக்க வேண்டும்.

முதலாவது, எதனோடு ஒப்பிடுகிறோம் என்பது. நீர் நிறுத்திய நெல்லின் இலையில் வெளிப்பாடு மாறிய மரபணுக்களை நெல்லின் முழு மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டால், ஒளிச்சேர்க்கை, ஜிஓ:0015979, பட்டியலின் உச்சியில் வந்து நிற்கக்கூடும். அது நீர் நிறுத்தியதன் விளைவாக இல்லாமல், எடுத்தது இலை என்பதன் விளைவாகவே இருக்கலாம். ஒப்பீட்டுக்குரிய பின்புலம், அதே இலை மாதிரியில் வெளிப்பட்டதாக அளக்கப்பட்ட மரபணுக்கள் மட்டுமே. கருவி முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்கும் பின்புலத்தை அப்படியே விட்டுவிடாமல், தம் பட்டியலைப் பதிவேற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒரே வேளையில் எத்தனை சொற்களைச் சோதிக்கிறோம் என்பது. ஆயிரம் சொற்களை 0.05 என்ற புள்ளியியல் முக்கியத்துவ அளவில் தனித்தனியே சோதித்தால், உண்மையில் எதுவுமே இல்லாதபோதும் தற்செயலாக ஐம்பது சொற்கள் தேறிவிடும் என்று எதிர்பார்க்கலாம். புள்ளியியலாளர்கள் பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995ஆம் ஆண்டில் வகுத்த திருத்தத்தையோ அதற்கு நிகரான வேறொன்றையோ கையாண்ட பின் கிடைக்கும் மதிப்பைத்தான் அட்டவணையில் தர வேண்டும். தாய்ச்சொல்லும் அதன் கீழ்ச்சொல்லும் ஒரே மரபணுக்களால் பட்டியலில் அடுத்தடுத்து வருவதையும் இரண்டு கண்டுபிடிப்புகளாக எண்ணிவிடக் கூடாது.

இவற்றோடு, களஞ்சியத்தின் எந்த நாள் வெளியீட்டைப் பயன்படுத்தினோம் என்பதை முறையியல் பகுதியில் எழுதியே ஆக வேண்டும். சொற்களும் அனோட்டேஷன்களும் தொடர்ந்து திருத்தப்படுகின்றன. இரண்டு ஆண்டு இடைவெளியில் அதே பட்டியலுக்கு வேறு விடை வரலாம். வெளியீட்டு நாள் இல்லாத அட்டவணையை அடுத்தவர் திரும்பச் செய்து பார்க்க இயலாது.

பதிவு செய்வது

தம் அனோட்டேஷன்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் ஜிஏஎஃப் என்ற கோப்பு வடிவத்தைப் பின்பற்றலாம். தத்தல் (டேப்) குறிகளால் பிரிக்கப்பட்ட 17 பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட எளிய உரைக்கோப்பு அது. மரபணுவின் அடையாள எண், மரபணுவுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு, ஜிஓ எண், ஆய்வுக்கட்டுரை எண், சான்றுக் குறியீடு, மூன்று பிரிவுகளுள் எது, எந்த உயிரி, எந்த நாள் ஆகியவை அதில் இன்றியமையாதவை. நெல்லுக்குரிய வகைப்பாட்டு எண் 4530. முழு வடிவத்தையும் நிரப்ப நேரமில்லாத மாணவர் சாதாரண விரிதாளில் இந்த எட்டுப் பத்திகளையேனும் தொடக்கத்திலிருந்தே நிரப்பி வந்தால், ஆய்வேட்டின் இறுதி மாதத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்றைத் தேடி அலைய நேராது.

வேண்டிய சொல் களஞ்சியத்தில் இல்லை என்று சில சமயம் தோன்றும். முதலில் இணைச்சொற்களையும் சேர்த்துத் தேட வேண்டும். வேறு பெயரில் அது இருப்பதே வழக்கம். உண்மையிலேயே இல்லையென்றால், கிட்ஹப் என்ற இணையதளத்தில் ஜீன் ஆன்டாலஜி பராமரிக்கும் கோரிக்கைப் பக்கத்தில் எவரும் விண்ணப்பிக்கலாம். அதற்குப் பதவியோ பரிந்துரையோ தேவையில்லை. சொல்லின் பெயர், ஓரிரு வாக்கியங்களில் வரையறை, எந்தத் தாய்ச்சொல்லின் கீழ் வர வேண்டும் என்ற கருத்து, ஆதாரமான ஆய்வுக்கட்டுரை ஆகிய நான்கையும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள அனோட்டேஷன் தவறாக இருப்பதைக் கண்டாலும் அதேபோல் தெரிவிக்கலாம். எந்த மரபணு, எந்த எண், எந்தக் கட்டுரை அதற்கு முரணாகக் காட்டுகிறது என்று குறிப்பிட்டால் போதும். தொகுப்பாளர்கள் அங்கேயே கேள்வி கேட்பார்கள், வரையறையைத் திருத்தச் சொல்வார்கள், சில வேளை வேறொரு சொல்லே போதுமானது என்று சுட்டிக்காட்டுவார்கள். புதிய எண் கிடைத்து அது அடுத்த வெளியீட்டில் சேரும்வரை, ஆய்வேட்டில் அதன் மிக நெருங்கிய தாய்ச்சொல்லைப் பயன்படுத்தி, விண்ணப்பத்தின் எண்ணை அடிக்குறிப்பில் குறித்து வைக்க வேண்டும்.